மூச்சு தயார், முதுகு தயாரா?

முதுகு ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு வாரம் ஆகிறது. காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்த வலி போய்விட்டது, தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து சுவர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது, இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. "நல்லாத்தானே இருக்கேன், நாளைக்குக் கொஞ்சம் ஓடிப் பார்த்தா என்ன?" என்று மனசு கேட்க ஆரம்பிப்பது சரியாக இந்த நேரத்தில்தான். வலி இருக்கிற முதல் வாரத்தில் யாரும் எதையும் செய்யத் துணிவதில்லை, அதனால் பெரிதாக எதுவும் கெடுவதும் இல்லை. வலி போய்விட்ட இந்த இரண்டாவது மாதம்தான் சிக்கல்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. ஆறு மாதம் ஆகியும் மாடிப்படி ஏறப் பயந்து, ஸ்க்ரூ கழன்றுவிடுமோ, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் தட்டு) மறுபடி பிதுங்கிவிடுமோ என்று கட்டிலும் நாற்காலியுமாகவே இருப்பவர்கள். இந்த இரண்டு தரப்புமே கவனிக்கத் தவறுவது ஒன்றைத்தான்: உடம்புக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை.

முதலில் இதயமும் நுரையீரலும். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எழுந்தபோது, உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்கிற அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டுச் சோதித்தால், அத்தனை வருஷ வயது ஏற்றம் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரிந்தது! கேட்கப் பயமாக இருந்தாலும் இதற்குள்ளேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. படுக்கையை விட்டு எழுந்து இரண்டு மாத அளவுக்குப் பயிற்சி செய்ததும் அந்த இளைஞர்கள் இழந்ததை மீட்டுவிட்டார்கள். மூச்சுத் திறன் சட்டென்று போகும், ஓரளவு சட்டென்று திரும்பியும் வரும்.

முதுகு அப்படி இல்லை. வளர்ந்தவர்களுக்கு டிஸ்க்கின் உட்பகுதியில் ரத்தக் குழாயே கிடையாது, மேலும் கீழும் இருக்கிற எலும்பிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. அதன் வெளி வளையத்தில் விழுந்த கிழிசல் பழையபடி நெய்துகொள்வதில்லை, தழும்புதான் கட்டும், அதுவும் மாதக் கணக்கில். நரம்பிழை சேதப்பட்டிருந்தால் அது மறுபடி வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், ஆகவே இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால், வலி போய் இத்தனை மாதம் ஆகியும் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனது ஏன் சரியாகவில்லை என்பது புரிந்துவிடும். அப்புறம் மல்டிஃபிடஸ் என்கிற தசை. முதுகெலும்பை ஒட்டியே ஓடி, ஒவ்வொரு எலும்பையும் அதனதன் இடத்தில் பிடித்து வைக்கும் சின்னத் தசை இது. வலியோடு இருந்த மாதங்களிலேயே மெலிந்துபோய்க் கொழுப்பு ஏறியிருக்கும், பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்தால் அதை எலும்பிலிருந்து விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் களைத்துப்போவதும் அதுதான்.

ஆக, மூச்சு ஒரு மாதத்தில் கை தூக்கி "நான் ரெடி" என்கிறது, முதுகோ வரிசையில் எங்கோ பின்னால் நின்றுகொண்டிருக்கிறது. முன்பு உடற்பயிற்சி செய்து பழகியவர்கள் எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதை மூச்சை வைத்துத்தான் அளப்பார்கள், பழக்கம் அப்படி. மூச்சு இன்னும் போகலாம் என்றுதான் சொல்லும். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் அதன் பேச்சை நம்பக் கூடாது என்பதுதான் என் கருத்து.

என்ன ஆபரேஷன் நடந்தது என்பது அடுத்த கேள்வி. "முதுகு ஆபரேஷன்" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, மைக்ரோடிஸ்கெக்டமி செய்தவருக்கும் ஃபியூஷன் செய்தவருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. மைக்ரோடிஸ்கெக்டமியில் நரம்பை அழுத்திக்கொண்டிருந்த டிஸ்க் துண்டை மட்டும் எடுக்கிறார்கள், மீதி டிஸ்க் அங்கேயே இருக்கும், அதனால் அதே இடத்தில் மறுபடி பிதுங்கும் வாய்ப்பு 5 முதல் 15 சதவீதம் வரை சொல்லப்படுகிறது. லாமினெக்டமியில் நரம்புக் குழாயின் மேல் கூரை மாதிரி இருக்கும் எலும்பை எடுத்து இடம் உண்டாக்குகிறார்கள், பெரும்பாலும் வயதானவர்களுக்கு, பல வருஷமாகப் பத்து நிமிஷம் நடந்தாலே கால் கனத்து உட்கார்ந்துவிட்டவர்களுக்கு. இவர்களின் பிரச்சினை ஆபரேஷன் மட்டும் இல்லை, அதற்கு முன் நடக்காமலே போன வருஷங்களும் சேர்ந்தது. ஃபியூஷனில் இரண்டு எலும்பை ஒன்றாக வளரவைக்க வேண்டும், ஸ்க்ரூவும் கம்பியும் அதுவரை பிடித்து வைக்கிற முட்டு மட்டும்தான், உண்மையான வேலையைச் செய்வது நடுவில் வளரும் எலும்பு, அது கெட்டிப்பட மூன்று மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடாமலே போகும் வாய்ப்பு அதிகம்.

கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். 2014-லும் 2015-லுமாக மூன்று மைக்ரோடிஸ்கெக்டமி, மறுபடி மறுபடி திரும்பி வந்து மறுபடி மறுபடி உட்கார்ந்தார். 2017 ஏப்ரலில் ஃபியூஷன் செய்துகொண்டார், 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். உலகத்தில் கிடைக்கிற எல்லா வசதியும் இருந்த ஒருவருக்கே நடுவில் இரண்டு வருஷம்.

ஒரு டாக்டர் இரண்டே வாரத்தில் எல்லாம் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் மூன்று மாதம் குனியவே கூடாது என்கிறார், யாரை நம்புவது என்று பலர் குழம்புகிறார்கள். டிஸ்க் ஆபரேஷனைப் பொறுத்தவரை இந்தக் குழப்பம் நியாயமானது, ஏனென்றால் துறைக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. 1990-களில் யூஜீன் காரஜி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், டிஸ்கெக்டமி செய்தவர்களுக்குக் கட்டுப்பாடே போடாமல் முடிந்த அளவு சீக்கிரம் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிந்தைய பயிற்சி பற்றி 2014-ல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பாய்வும், நாலிலிருந்து ஆறு வாரத்தில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு வலியும் முடக்கமும் சீக்கிரம் குறைகின்றன என்றும், பயிற்சியால் மறு ஆபரேஷன் கூடுவதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஓடத் துடிப்பவர்கள் இதைப் பாதி படித்துவிட்டு ஷூவைத் தேட வேண்டாம், அந்த ஆய்வுகளில் பேசப்படும் பயிற்சி வேறு, முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடுவது வேறு. ஃபியூஷன் செய்தவர்களுக்கு இந்தச் சலுகையும் பொருந்தாது, அவர்கள் எக்ஸ்ரேயும் டாக்டரும் சொல்லும்வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

சரி, எதில் ஆரம்பிப்பது? நடை. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் ஏன் நடை என்பதை யாரும் விளக்குவதில்லை. 1999-ல் ஹான்ஸ்-யோஆகிம் வில்கே என்ற ஜெர்மன் ஆய்வாளரின் குழு, ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள் அழுத்தமானி ஒன்றைச் செருகி, அவர் அன்றாடம் செய்கிற ஒவ்வொன்றின்போதும் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அளந்தது. ஒரே ஒரு ஆள்தான், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் எண்கள் சுவாரசியமானவை. குப்புறப் படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), சும்மா நிற்கும்போது 0.5, நடக்கும்போது 0.53 முதல் 0.65 வரை. நடப்பது நிற்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நின்றபடி முன்னால் குனிந்தால் 1.1. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ தூக்கினால் 2.3, அதாவது நிற்பதைப் போல நாலரை மடங்கு. மெல்லோட்டத்தில் அதிகபட்சமே 0.95 அளவில்தான் வந்தது. டிஸ்க்கைப் பொறுத்தவரை ஓடுவதைவிட, ஓடப் போகும் முன் குனிந்து ஷூ லேஸ் கட்டுவது மோசமாக இருக்கலாம் என்று இதைப் பார்த்தால் தோன்றும். பயிற்சியால் முதுகு போச்சு என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் தோண்டிக் கேளுங்கள், கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், ஜிம் பையைத் திரும்பி எடுத்தேன் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். லேஸ் கட்டத் தேவையில்லாத ஷூ, நீளக் கைப்பிடி உள்ள ஷூ கரண்டி, இடுப்புயர மேஜையில் பை, இவையெல்லாம் கேலியான ஏற்பாடுகள் மாதிரி தெரிந்தாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மதிப்புள்ளவை.

முதல் வாரங்களில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட ஐந்து நிமிஷ நடையை நாளுக்கு ஐந்தாறு தடவை போடுவது நல்லது. காரணம் மல்டிஃபிடஸ் என்ற அந்தச் சின்னத் தசைதான். அது களைத்துப்போன பிறகும் கால் நடந்துகொண்டே இருக்கும், அப்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், பிட்டம் இறுகும், பிடித்துக்கொள்ளும். களைப்பு வரும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறவர் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போகலாம். தரை சமமாக இருக்கட்டும், கை இரண்டும் ஃப்ரீயாக வீசட்டும், ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு கழுத்தை முன்னால் நீட்டி நடப்பது நடையே இல்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் ஒரு நிமிஷம் சேர்த்துக்கொண்டு போனால், இரண்டு, இரண்டரை மாதத்துக்குள் பலரும் அரை மணி நேரத் தொடர் நடைக்கு வந்துவிடுகிறார்கள். வரவில்லை என்றாலும் குடி முழுகிப்போகவில்லை.

டிரெட்மில்லில் ஒரு தனி ஆபத்து உண்டு: வேகத்தை முடிவு செய்வது பெல்ட், நீங்கள் இல்லை. பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம் துளி மிச்சம் இருந்தாலும் பெருவிரல் தட்டி விழுந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. நரம்பு வலிக்கான மாத்திரைகள் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொஞ்ச வாரம் போன பிறகு இதயத்துடிப்பை ஏற்ற வேண்டும் என்றால் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் லேசான சாய்வு வைக்கலாம், அதிர்ச்சி கூடாமல் மூச்சு வாங்கும். ஆனால் செங்குத்தாக வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவதில் ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதற்குப் பேச்சுதான் அளவுகோல். முழு வாக்கியமாகப் பேச முடிந்து பாட முடியாமல் இருந்தால் மிதமான வேகம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண் பயன்படாது, மருந்து அதைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும், அவர்களுக்கும் பேச்சுதான்.

ஆனால் இதெல்லாம் மூச்சுக்கான அளவு. முதுகுக்கான அளவு மறுநாள் காலையில்தான் தெரியும். இன்று செய்த பயிற்சி முதுகுக்குப் பிடித்ததா இல்லையா என்பதை இன்று இரவுகூட முழுதாகச் சொல்ல முடியாது. நாளைக் காலை எழும்போது வலி நேற்றுக் காலை இருந்த அளவிலேயே இருந்தால் அதே அளவைத் தொடரலாம், இரண்டு மூன்று முறை அப்படியே இருந்தால் கொஞ்சம் கூட்டலாம், கூடியிருந்தால் முந்தைய அளவுக்கு இறங்க வேண்டும். வலியின் அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்ஸி கவனித்துப் பரப்பிய விஷயம் இது: காலில் இருக்கும் வலி மேலே ஏறி இடுப்பின் நடுவுக்கு வந்து சேர்ந்தால், இடுப்பில் கொஞ்சம் அதிகமாக வலித்தாலும்கூட நல்ல அறிகுறி. இடுப்பில் இருந்தது பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால், வலி லேசாக இருந்தாலும் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர் இந்தத் தகவல் வருகிற பாதையைத் தானே அடைத்துவிடுகிறார்.

நேரமும் முக்கியம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிவிடும், காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதே அதனால்தான். உப்பிய டிஸ்க் வளைவதற்கு இடம் கொடுக்காது, எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன் மேல் விழும் பளு பகலில் குனிவதைவிட மிக அதிகம். அலாரம் அடித்த பத்தாவது நிமிஷத்தில் குனிந்து சைக்கிள் மிதிப்பது கடமை உணர்ச்சியாக இருக்கலாம், இந்தச் சில மாதங்களுக்கு வேண்டாம். நிமிர்ந்து நடப்பது பரவாயில்லை.

ஜிம்மில் சாய்வு நாற்காலி மாதிரி இருக்கும் ரிகம்பன்ட் சைக்கிள், டாக்டர் உட்கார நேரக் கட்டுப்பாடு எதுவும் போடவில்லை என்றால், சீக்கிரமே ஆரம்பிக்கக் கூடியது. நரம்புக் குழாய் சுருங்கி லாமினெக்டமி செய்துகொண்டவர்களுக்கு லேசாகக் குனிந்த நிலை சுகமாக இருப்பதால் சாதாரண சைக்கிளே ஒத்துப்போகும், டிஸ்க் பிதுங்கியவர்களுக்கு அதே குனிவு ஆகாமல் போகலாம். ஒரே மெஷின் ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்கு வம்பாகவும் இருப்பது இதனால்தான். சீட் உயரமாக இருந்து மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் அதைச் சரி செய்துகொண்டுதான் மிதிக்க வேண்டும். சாலையில் ஓட்டும் சைக்கிள் அப்புறம்தான், குழியும் அதிர்வும் கீழே விழுவதும் ஜிம்மில் கிடையாது. நின்றபடி காலை நீள்வட்டமாகச் சுழற்றும் எலிப்டிக்கல் மெஷினில் அதிர்ச்சி இல்லை, ஆனால் கைகளை மாற்றி மாற்றித் தள்ளும்போது இடுப்பு முறுக்கும், ஆகவே முதலில் அசையாத பிடியைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும். துடுப்பு மெஷின் கடைசியிலும் கடைசி: குனிவும் பளுவும் சேர்ந்து, நிமிஷத்துக்கு இருபத்தைந்து தடவை வருகிறது.

தண்ணீர் நல்ல நண்பன்தான், காயம் முழுதாக மூடிய பிறகு, டாக்டர் சரி என்ற பிறகு. இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் பாதிதான் கால் மேல் விழும், நெஞ்சளவுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு. அங்கே நடப்பதே போதும். நீச்சல் என்றதும் கேள்வி கேட்காமல் குதித்துவிடுகிறார்கள், ஆனால் தலையைத் தூக்கியபடி அடிக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இடுப்பைப் பின்னால் வளைக்கும், பலகையைப் பிடித்துக்கொண்டு கால் அடிப்பதும் அப்படியே, ஃப்ரீஸ்டைலில் மூச்சுக்காகத் திரும்பும்போது முறுக்கு வரும். மல்லாந்து நீந்துவது பலருக்கும் ஒத்துக்கொள்கிறது. பட்டர்ஃப்ளை பற்றிப் பேசவே வேண்டாம். நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள ஈரத் தரையையும் ஏணியையும் யாரும் பயிற்சியாக நினைப்பதில்லை, முதுகு நினைக்கும்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. உட்காருமிடம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, பாதம் திடீரென்று தொங்கிப்போவது, இவற்றில் எதுவாக இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தால் நிரந்தரமாகிவிடலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும், திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சு வலியும் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அதைப் பழக்கம் விட்டுப்போன இளைப்பு என்று நினைத்து நடையைத் தொடர்வது விபரீதம். காய்ச்சல், காயத்தில் கசிவு, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் போய்விடும் தலைவலி, இவை தெரிந்த அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கசிந்தால் அந்த மாதிரித் தலைவலி வரும்.

இனி ஓட்டம். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தள்ளுவது உடல் எடையைவிடக் கொஞ்சம் அதிகம், ஓடும்போது இரண்டு முதல் மூன்று மடங்கு. டிஸ்கெக்டமி செய்தவர்கள் பொதுவாக இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகும், ஃபியூஷன் செய்தவர்கள் எலும்பு கூடிவிட்டது என்று உறுதியான பிறகு, பெரும்பாலும் ஆறு மாதம் ஒரு வருஷம் தாண்டியும் ஓட்டத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். மாதக் கணக்கைவிட நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒரு சோதனை. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். நல்ல காலில் இருபது தடவை வருகிறது, ஆபரேஷனுக்கு முன் வலித்த காலில் எட்டோடு நின்றுவிடுகிறது என்றால், அந்த நரம்பு கெண்டைக்காலுக்கு இன்னும் முழு பலத்தைக் கொடுக்கவில்லை. அந்தக் காலோடு ஓடினால் விட்டுப்போன வேலையை இடுப்புதான் இழுத்துச் செய்யும். வேகமாக முக்கால் மணி நேரம் நடந்து, மறுநாளும் ஒன்றும் ஆகாமல், இரண்டு காலும் ஏறக்குறைய சமமாக இருந்தால், ஒரு நிமிஷம் மெல்லோட்டம், இரண்டு நிமிஷம் நடை, இப்படி ஆறேழு சுற்று. அடுத்த நாள் ஓய்வு. நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், மறுநாள் வலித்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஓடவே பிடிக்காதவர்கள், அல்லது இரண்டு மூன்று அடுக்கு ஃபியூஷன் செய்து ஓட வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள், இதில் ஒன்றும் இழக்கவில்லை. சாய்வில் நடந்து ஏறினதா, ஓடி ஏறினதா என்று இதயத்துக்குத் தெரியாது, அதற்குத் தெரிவது துடிப்பு மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷ மிதமான உழைப்பு, அதற்கு நடை போதும். ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிஷமாவது இருக்க வேண்டும் என்று முன்பு வைத்திருந்த நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். ஆக அந்த ஐந்து நிமிஷ நடைகளும், பேச முடிந்து பாட முடியாத வேகத்துக்கு வந்த நாளிலிருந்து, கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.